சாய்ந்த படகில் புதன்கிழமைச் சாப்பாடு

டிம்ப்னா கீகனுக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாது. முந்நூறு பேருக்குத் தெரியும். டல்லமோர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் முப்பத்தொரு வருடம் நின்றவள். உப்பைக் கரண்டியால் அளந்ததே இல்லை, கையால் அள்ளிப் போட்டே பழக்கம். ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து, தனக்கென்று கொஞ்சமாக ஒரு சூப் வைத்தாள். ஒன்பது நாள் அதையே குடித்தாள்.

கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு அமையவில்லை. படுக்கையில் விழுந்த அம்மாவைப் பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டாள். அம்மா போனதும், வீடு பாஸ்டனில் இருக்கும் தம்பியின் பேருக்குப் போயிற்று. தம்பி கெட்டவனில்லை. "அக்கா, நீ இருக்கிறவரைக்கும் இரு, யாரு கேக்கப்போறா?" என்றுதான் போனில் சொன்னான். அந்த 'இருக்கிறவரைக்கும்' அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

அப்போதுதான் ஷானன் ஹார்பர் என்ற கால்வாய்த் துறையில் ஒரு பழைய சரக்குப் படகு விலைக்கு வந்தது. அறுபதடி இரும்பு. பேர் ஹனோரா. ஒரு காலத்தில் தானியமும் பீர்ப் பீப்பாயும் ஏற்றிக்கொண்டு டப்ளினுக்கும் லிமெரிக்குக்கும் போய்வந்த படகு. அதற்குப் பிறகு ஏரிக்கரையில் பாதி முழுகிக் கிடந்து, யாரோ தூக்கி, யாரோ ஒட்டுப்போட்டு, யாரோ உள்ளே அடுப்பும் கட்டிலும் வைத்து, கடைசியில் யாருக்கும் வேண்டாமல் நின்றது. டிம்ப்னாவின் கைக்கு எட்டிய விலையில், கதவும் கூரையும் சேர்ந்து கிடைத்த ஒரே இடம் அதுதான். போய்ப் பார்த்த அன்றே வாங்கிவிட்டாள்.

"ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டான் பக்கத்துப் படகுக்கார ஃபின்டன். வெல்டிங் வேலை செய்பவன். அவனைப்போல பழைய படகுகளைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவர்கள் முப்பது நாற்பது குடும்பம் அந்தத் துறையில் இருந்தார்கள்.

"நானூறு லிட்டர் சூப் அண்டாவைச் சாய்க்கத் தெரியும்" என்றாள் டிம்ப்னா.

"அப்ப போதும், மீதியை நாங்க பாத்துக்கறோம்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டார்கள். படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் மதகுக்குள் எப்படி நுழைவது, சுக்கானை எந்தப் பக்கம் தள்ளினால் படகு எந்தப் பக்கம் போகும், எஞ்சின் இருமினால் எங்கே தட்டுவது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லித்தந்தார்கள். அவள் முதல் வாரமே ஒரு மதகுச் சுவரை இடித்தபோது, "சுவரு இருநூறு வருஷமா இருக்கு, தாங்கும்" என்று சிரித்தார்கள். அந்த ஊர் ஜூன் மாதத் திருவிழாவில் வரிசையாகக் கட்டிய படகுகளுக்கெல்லாம் டிம்ப்னாவின் அண்டாவிலிருந்துதான் மீன் சூப் போயிற்று. ஐம்பத்தெட்டு வயதில், தனக்கென்று ஒரு வாசற்படி கிடைத்த சந்தோஷத்தில் அவள் அந்தக் கோடை முழுக்கச் சுற்றினாள்.

இலையுதிர்காலத்தில் கிழக்கேயிருந்து திரும்பி வரும்போது டெரிகானி பாலத்தருகில் எஞ்சின் நின்றுபோயிற்று. சதுப்பு நிலத்துக்கு நடுவே, உயர்ந்த கரைகளுக்கு மேலே ஓடும் கால்வாய் அது. கீழே ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், பெர்னி என்ற பெண் நடத்தும் கடை. கடையின் முன்பாதியில் ரொட்டி, பின்பாதியில் பீர். இரண்டு வாரத்துக்கு என்று கட்டிய படகு கிறிஸ்துமஸ் தாண்டியும் அங்கேயே நின்றது. ஊர்க்காரர்கள் பாலத்தைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்குவார்கள். அந்தப் பக்கத்தில் அதுதான் வணக்கம். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை. படகுக்காரர்கள் என்றால் இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிறவர்கள்தானே.

ஜனவரியில் பதினேழு நாள் விடாமல் மழை பெய்தது. பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை வெறித்து, வெயில்கூட எட்டிப் பார்த்தது. டிம்ப்னா அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். பானை தானாக நகர்ந்து சுவரோரம் போயிற்று. இழுத்து வைத்தாள். மறுபடியும் போயிற்று. நேற்று ஒரு மடக்குகூடக் குடிக்கவில்லையே என்று யோசித்தபடி ஜன்னலைப் பார்த்தாள். கரை மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"உள்ள யாரு? வெளிய வாங்க!"

மேல்தட்டுக்கு ஓடினாள். கரையில் ஒரு நெட்டை மனிதர் நின்றிருந்தார். ஞாயிறு பூசைக்குப் போடும் கறுப்புக் கோட்டு, கையில், அடுப்பெரிக்கச் சதுப்பில் கரிமண் வெட்டும் மண்வெட்டி. எதிர்வீட்டு மாலக்கி டூலி. மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

"மேற்கே கரை உடைஞ்சுபோச்சு. தண்ணி பூரா சதுப்புக்குள்ள போகுது. கயிறு ரெண்டும் ஒரே பக்கம் இழுக்குது பாருங்க. படகு குப்புற விழுந்துரும். வெட்டட்டுமா?"

"புதுக் கயிறுங்க அது!"

"கயிறு வேணுமா, நீங்க வேணுமா?"

"வெட்டுங்க."

இரண்டே வெட்டு. ஹனோரா ஒரு பெருமூச்சு விட்டதுபோல ஆடி, இறங்கி, கால்வாயின் நடுச்சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. கீழே கஞ்சிப் பானை கவிழும் சத்தம் கேட்டது. அரை மணி நேரத்தில், இருநூறு வருடமாகத் தண்ணீர் நின்ற இடத்தில் வெறும் சேறு. சேறு முழுக்கத் துள்ளல். கெண்டையும் விலாங்கும், முதலை மூஞ்சி வைத்த பெரிய வேட்டை மீன்களும் வெள்ளி வெள்ளியாகப் புரண்டன.

அப்போது பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். பெர்னிதான் முதலில் செருப்பைக் கழற்றினாள்.

"என்ன வேடிக்கை? கடையில இருக்கிற வாளியெல்லாம் எடுத்துட்டு வாங்க! கிழக்கே பாலத்தடியில கால்வாய்க்காரங்க பலகை அடைச்சுட்டாங்க, அந்தாண்ட தண்ணி இருக்கு. அங்க கொண்டுபோய் விடுவோம்!"

அன்றைக்கு டெரிகானி ஊரே ஞாயிற்றுக்கிழமைத் துணியோடு முழங்கால் சேற்றில் இறங்கியது. வாளி, பால்கேன், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, தேவாலயத்திலிருந்து பூச்சாடி. டிம்ப்னா தன் பெரிய அண்டாவைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். மாலக்கி தன் கோட்டைக் கழற்றி, ஒன்றரை முழ நீளத்தில் ஒரு வேட்டை மீனை அதில் சுற்றி, பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு பாலத்தைப் பார்க்க நடந்தார்.

"மாலக்கி, ஞானஸ்நானத்துக்கா?" என்று கத்தினார் ஃபாதர்.

"பேரு நீங்களே வைங்க ஃபாதர், கடிக்குது!"

ஊர் சிரித்தது. மாலக்கி டூலி பதில் பேசியதை நினைத்து, சிரிப்பு அடங்கியபின் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வருடத்துக்கு முன் அண்ணன் லோர்கன் இறந்ததிலிருந்து அந்த மனிதர் பேச்சையே விட்டிருந்தார்.

மறுநாள் கால்வாய்த் துறைப் பொறியாளர் வந்து பார்த்தார். யார்மேலும் தப்பில்லை, மழையில் ஊறிய கரை சரிந்துவிட்டது, கட்டி முடிக்கக் கோடை ஆகும் என்றார். "அதுவரைக்கும் நீங்க டல்லமோர்ல எங்கயாவது தங்கிக்கலாமே அம்மா?"

"வீடு சாய்ஞ்சா வீட்டை விட்டுட்டு ஓடிருவாங்களா?" என்றாள் டிம்ப்னா.

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அன்று கட்டிலில் படுத்தபோது உருண்டுபோய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். பழைய இரும்பு வேறு முனகியது. இப்படியே கிடந்தால் அடிப்பக்கம் முறுக்கிக்கொண்டுவிடும் என்று அவளுக்கே தெரிந்தது. பெர்னியின் கடையிலிருந்து ஷானன் ஹார்பருக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை காலையில் ஃபின்டனும் அவனோடு ஒன்பது படகுக்காரர்களும் நான்கு காரில் வந்து இறங்கினார்கள், ஜாக்கியும் சங்கிலியுமாக. முட்டுக்கொடுக்க மரம் போதவில்லை. மாலக்கி போய், தன் கொட்டகையிலிருந்த பழைய ரயில்பாதைக் கட்டைகளை டிராக்டரில் இழுத்து வந்தார். சதுப்பில் கரிமண் இயந்திரம் ஓட்டி வாழ்ந்தவர். சேற்றில் எடையை எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக்கூடாது என்று அவருக்குக் காலே சொல்லும்.

சாயங்காலத்துக்குள் படகு பாதி நிமிர்ந்தது.

"இதுக்கு மேல தூக்கினா ஆணி பிடுங்கிக்கும்" என்றான் ஃபின்டன். "ஒரு சாண் சாய்வு இருக்கும். பொறுத்துக்கோங்க."

மாலக்கி தயங்கித் தயங்கி வந்தார். "கட்டிலுக்கு... ஒரு பக்கக் காலுக்குக் கட்டை வச்சா நேரா ஆயிரும். எந்தப் பக்கம் தலை வைப்பீங்க?" கேட்டுவிட்டுக் காது வரைக்கும் சிவந்தார். ஃபின்டன் ஜாக்கியைத் துடைப்பதில் மும்முரமானான்.

அன்று வேலை செய்தவர்களுக்கு டிம்ப்னா ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டுக் குழம்பு வைத்தாள். பதினோரு பேருக்கு என்று நினைத்துத்தான் வைத்தாள். அண்டா நிறைந்தது. மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல், புதன்கிழமை பெர்னியின் கடைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டினாள்: படகில் சாப்பாடு, வருகிறவர்கள் வரலாம்.

அந்தச் சதுப்பைச் சுற்றித் தனிக்கட்டைகள் நிறைய. அம்மா செத்து, அண்ணன் செத்து, தேநீரும் ரொட்டியுமாகவே நாளை ஓட்டுகிற ஆண்கள். முதல் புதன் மூன்று பேர் வந்தார்கள், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. அடுத்த புதன் ஒன்பது. பள்ளிக்கூட டீச்சர் வந்தாள், ஃபாதர் வந்தார், கரை கட்டும் ஆட்கள் வந்தார்கள். ஏணி வைத்துத்தான் படகில் ஏற வேண்டும். மேஜை சாய்ந்திருந்ததால் கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஊற்ற முடியாது.

"மேல்பக்கம் உக்காந்தவனுக்கு ரொட்டி, கீழ்ப்பக்கம் உக்காந்தவனுக்குக் குழம்பு. இதென்னம்மா நியாயம்?" என்று அலுத்துக்கொள்வார்கள்.

"அடுத்த வாரம் எடத்தை மாத்திக்கோ. பணக்காரன் ஆயிருவே" என்பாள் டிம்ப்னா.

மாலக்கி கடைசி ஆளாக வருவார். கீழ்ப்பக்க மூலையில் உட்காருவார். எல்லாரும் போனபின் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவார். வரும்போதெல்லாம் அடுப்புக்கு ஒரு மூட்டை கரிமண் கட்டி கொண்டுவருவார், அதைச் சொல்லமாட்டார், வாசலில் இருக்கும்.

ஒருநாள் அவள் கை மாவாக இருந்தது. "அந்த டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்களேன், சோடாவா உப்பா?"

"கண்ணாடி கொண்டுவரலியே."

இன்னொரு நாள் மருந்துச் சீட்டு. அன்றும் கண்ணாடி இல்லை. மூன்றாவது தடவை அவள் கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் உணவுச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எது இருந்தாலும் சரிம்மா, எனக்கு வித்தியாசமில்ல" என்று சொல்லும் ஆட்களை அவள் முப்பத்தொரு வருடம் பார்த்திருக்கிறாள். அவர்களிடம் சீட்டை வாங்கி, "இன்னிக்குக் கோழி நல்லா இருக்கு, அதையே போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். இவரிடமும் அப்படியே நகர்ந்துவிட்டாள்.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை, பாத்திரம் கழுவி முடித்தபின் மாலக்கி கிளம்பவில்லை. கோட்டுக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது வழுக்கி அவள் பக்கம் வந்தது.

"இதுல கொஞ்சம் கடுதாசி இருக்கு. எங்க அக்கா உனா, கோவென்ட்ரியில இருக்கா. பாக்கணும். என் கண்ணாடி..."

"கண்ணாடி கெடக்குது. நான் படிக்கறேன், நீங்க கேளுங்க. கேக்கறதுதான் சுகம்."

டப்பாவில் பதினான்கு கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. முதலாவது ஆறு வருடத்துக்கு முந்தியது. லோர்கனின் சாவுக்கு வரமுடியாமல் போன துக்கம் அதில் இருந்தது. 'பேட்டுக்கு நெஞ்சு சரியில்லை, விட்டுவிட்டு வரமுடியவில்லை, நீ தனியாக என்ன செய்கிறாய், ஒரு வரி எழுது' என்று உனா எழுதியிருந்தாள். பேட் என்பது அவள் புருஷன்.

டிம்ப்னா மடித்து வைத்தாள். "இப்பவே ஒரு பதில் போட்டுடலாமே?"

"அவ சொன்னதை முழுசாக் கேக்காம என்ன பதில் சொல்றது? வாரம் ஒண்ணு படிங்க. எனக்கு மெதுவாத்தான் உள்ள போகும்."

வாரம் ஒன்று படித்தாள். ஊர்க்காரர்கள் போனபின் அவர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவள் வெளிச்சம் இருக்கும்போதே படித்துவிடுவாள். இரண்டாவதில் உனா கெஞ்சியிருந்தாள். மூன்றாவதில் கோபித்துக்கொண்டாள். நாலாவதில் கோபித்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். ஆறாவதில் தோட்டத்துத் தக்காளியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். மாலக்கி அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

மே மாதம் ஒன்பதாவது கடிதத்தைப் பிரித்தாள். முதல் வரியைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"என்ன?"

"பேட் தவறிட்டாராம். நாலு வருஷத்துக்கு முந்தி, நவம்பர்ல."

மாலக்கி எழுந்தார். ஏணி வழியாக மேல்தட்டுக்குப் போனார். அவள் அவர் பின்னாலேயே போகவில்லை. தேநீர் போட்டு, ஆறவிட்டு, கொட்டி, மறுபடியும் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். வறண்ட கால்வாயில் புல் முளைத்திருந்தது. அவர் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்டவாளம் போடற வேலைக்கு அவன்தான் என்னைக் கூப்பிட்டான், பதினெட்டு வயசுல. நான் போகல. நல்ல மனுஷன். அவ அழுதுக்கிட்டு எழுதியிருப்பா. நான் அதை டப்பாவுல போட்டு மூடி வச்சிருக்கேன்."

"குடிங்க."

"மீதி எத்தனை இருக்கு?"

"அஞ்சு."

"எல்லாத்தையும் இன்னிக்கே படிச்சிருங்க."

படித்தாள். கடைசிக் கடிதம் கடிதமில்லை, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. அச்சடித்த வாசகத்தின் கீழே 'உனா' என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் மாலக்கி தலை வாரி, சவரம் பண்ணிக்கொண்டு வந்தார். புதன்கிழமை அல்லாத ஒரு நாளில் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. டிம்ப்னா தாளும் பேனாவும் எடுத்து வைத்தாள். பேனா உருண்டது, பிடித்துக்கொண்டாள். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"அக்கா உனாவுக்கு. நான் மாலக்கி. உயிரோடதான் இருக்கேன். எழுதுங்க."

"எழுதறேன், சொல்லுங்க."

"எனக்குப் படிக்க வராது. எழுத வராது. பள்ளிக்கூடத்துல அடிச்ச அடியில ஓடிவந்தவன், திரும்பிப் போகல. லோர்கன்தான் உன் கடுதாசியெல்லாம் படிச்சுச் சொல்லுவான், அவன்தான் எனக்காகவும் எழுதுவான். உனக்குத் தெரியாது. அவன் போனப்புறம் யார்கிட்டயும் போய் நிக்க வெக்கமா இருந்துச்சு. கோவம் ஒண்ணும் இல்ல. பேட்டைப் பத்தி நேத்துத்தான் எனக்குத் தெரியும்." நிறுத்தினார். "வேகமாப் போறேனா?"

"இல்ல." அவள் அடுத்த வரிக்குத் தாளை நகர்த்தினாள். "அப்புறம்?"

"இதை எழுதறது டிம்ப்னா கீகன்னு ஒருத்தங்க. கால்வாயில தண்ணி போயிருச்சு, அவங்க படகு இங்க மாட்டிக்கிச்சு. படகு சாய்ஞ்சிருக்கு, அவங்க நிமிர்ந்துதான் இருக்காங்க. கொஞ்சமாச் சமைக்கத் தெரியாது. ஊரே அவங்க கையில சாப்பிடுது."

"இதெல்லாம் எழுதணுமா?"

"கடுதாசி என்னோடது. எழுதுங்க. தண்ணி ஆகஸ்ட்ல வருமாம். வந்தா அவங்க போயிருவாங்க. அது எனக்குப் பிடிக்கல."

பேனா நின்றது. அடுப்பில் கெட்டில் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது.

"பிடிக்கலன்னு எழுதட்டுமா, வருத்தமா இருக்கும்னு எழுதட்டுமா?" என்று கேட்டாள், தாளைப் பார்த்தபடி.

"எது சரியான வார்த்தை?"

"அது நீங்கதான் சொல்லணும்."

மாலக்கி ஜன்னல் பக்கம் திரும்பினார். "போகாதீங்கன்னு அவங்களைக் கேக்கப்போறேன்னு எழுதுங்க."

எழுதினாள். எழுதி முடித்து, "அவங்க என்ன சொன்னாங்கன்னு உனா கேப்பாங்களே?" என்றாள்.

"அதுக்கு அடுத்த கடுதாசி இருக்கே" என்றார் மாலக்கி. தொப்பியை எடுத்துக்கொண்டு, ஏணியில் ஒரு படி தவறி, இறங்கிப் போனார்.

டிம்ப்னா கடிதத்தை அன்றே தபாலில் போட்டாள். ஆனால் பதில் அவளிடம் இல்லை. பத்தொன்பது வருடம் அடுத்தவர் வீட்டில் அடுத்தவர் நேரத்துக்கு அடுப்பு மூட்டியவள். இந்தச் சாய்ந்த இரும்பு, கோணல் கட்டில், இதெல்லாம் அவளுடையது. எதிர்வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தாள். நல்ல மனிதர், நல்ல வீடு. அந்த வீட்டுக் கதவும் இன்னொருத்தருடையதுதான். இரண்டு புதன் அவர் வந்து பாத்திரம் கழுவிவிட்டுப் போனார், ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது புதன் அவளே வாயைத் திறந்தாள்.

"நான் யார் வீட்டுக்கும் வரமாட்டேன், மாலக்கி. இப்பவே சொல்லிடறேன்."

"நான் போகாதீங்கன்னுதானே கேட்டேன். வாங்கன்னு கேக்கலியே."

"படகுன்னா போகணும். போகாத படகை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"போனா திரும்பி வரலாம்ல? போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே தண்ணிதான?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களும் கூட வந்தா என்ன?"

"எனக்குத் தண்ணின்னா பயம்."

"அறுபத்திரண்டு வருஷமாக் கால்வாய்க் கரையில இருந்துக்கிட்டு?"

"கரையில இருக்கறதுக்குத் தைரியம் எதுக்கு?" என்றார் அவர். கழுவிய அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். "சரின்னு சொன்னதா எடுத்துக்கட்டுமா?"

"துணியை ஒழுங்காப் பிழிஞ்சு போடுங்க" என்றாள் டிம்ப்னா. அவர் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார்.

உனாவிடமிருந்து பதினோராம் நாள் பதில் வந்தது. ஒரே ஒரு வரி. 'ஆகஸ்டில் வருகிறேன், கழுதை.'

கரை கட்டி முடிந்து ஆகஸ்ட் முதல் வாரத்தில் தண்ணீர் விட்டார்கள். கரை தாங்க வேண்டும் என்று மெதுவாக, ஒரு நாளைக்கு ஒரு சாண் அளவுக்கு. முதலில் புல் முழுகியது, பிறகு முட்டுக் கட்டைகள். ஃபின்டன் மூன்று நாள் அடித்தளத்தில் டார்ச் விளக்கோடு படுத்துக் கிடந்தான். ஒரே ஒரு ஆணித் துளை கசிந்தது. மரமுளை அடித்துச் சிமெண்டைப் பூசினான், நின்றுபோன எஞ்சினையும் ஓட வைத்தான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு டப்ளின் பஸ்ஸிலிருந்து குள்ளமாக, தடியாக, சிவப்புத் தொப்பியோடு உனா இறங்கினாள். பெட்டியைக் கீழே வைக்காமலே தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன்டா, எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடா வெக்கம்? ஓட்டை டிரவுசரோட உன்னைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவ நான்" என்றாள். அப்புறம் அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் உயரத்துக்கு அதுதான் எட்டியது. மாலக்கி என்ன செய்வதென்று தெரியாமல், அவள் தொப்பியைத் தட்டிக்கொடுத்தார்.

மத்தியானம் ஒரு மணிக்கு ஹனோரா ஒரு தரம் கிறீச்சிட்டது. பாலத்தில் நின்ற ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு, தூக்கத்திலிருந்து எழுகிறவள் புரண்டு உட்காருவதுபோல, படகு மெல்ல அசைந்து நேரானது. கட்டிலின் ஒரு பக்கம் கட்டை கொடுத்திருந்ததால் அது மட்டும் இப்போது கோணலாகிவிட்டது. ஃபின்டன் கையை உயர்த்தினான். பெர்னி கடையிலிருந்து கொண்டுவந்த மணியை அடிக்க ஆரம்பித்து, நிறுத்தத் தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தாள்.

டிம்ப்னா சுக்கானைப் பிடித்தாள். உனா பலகை வழியாக ஏறிக்கொண்டாள். மாலக்கி கரையிலேயே நின்றார்.

"நான் கோவென்ட்ரியிலேருந்து கடல் தாண்டி வந்திருக்கேன்" என்றாள் உனா. "நீ ஒரு பலகை தாண்டமாட்டியா?"

"முதல்ல நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, அப்புறம்..."

"மாலக்கி" என்றாள் டிம்ப்னா.

அவர் ஏறினார். ஏறியதும் உள்ளே போய், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டெரிகானி பாலத்தை விட்டுப் படகு விலகியபோது மேலிருந்து ஊர் கத்திய கத்தலில் கண்ணை மூடிக்கொண்டார். டல்லமோர் வரும்வரைக்கும் அப்படியேதான் இருந்தார். மதகில் இறங்கும்போது உனா உள்ளே எட்டிப் பார்த்து, "உயிரோட இருக்கியா?" என்று கேட்டாள். "தெரியல" என்றார். இரண்டாம் நாள் தலையை மட்டும் வெளியே நீட்டினார். மூன்றாம் நாள் மதகுக் கதவைத் தள்ளுவதற்குக் கரையில் குதித்தார், தள்ளிவிட்டுத் தானாகவே திரும்பி ஏறினார்.

அடுத்த வருடம் ஈஸ்டர் கழிந்து, டெரிகானி தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. விருந்தை டிம்ப்னாதான் சமைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ஊரும் ஷானன் ஹார்பர் படகுக்காரர்களும் சாப்பிட்டதுபோக, பக்கத்து ஊருக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. அவர் வீடு அவருக்கு, அவள் படகு அவளுக்கு என்றுதான் முடிவு. குளிர்காலத்தில் ஹனோரா பாலத்தருகில் கட்டிக் கிடக்கும், புதன்கிழமைச் சாப்பாடு நடக்கும். ஏப்ரலில் கயிறு அவிழும். ஊர் சிரித்தது. "கல்யாணம் பண்ணிக்கிட்டுக் கால்வாயைத் தாண்டிக் குசலம் விசாரிக்கறாங்க" என்றார்கள். மாலக்கி சில வருடம் கூடப் போவார், சில வருடம் உருளைக்கிழங்குத் தோட்டத்தைச் சாக்குச் சொல்லிவிட்டு நின்றுவிடுவார். அவர் வராத கோடையில் டிம்ப்னா வாரம் ஒரு கடிதம் போடுவாள், பெரிய பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வார்த்தையாக. டீச்சரிடம் போய் உட்கார்ந்து அவரே அதை எழுத்துக்கூட்டிப் படிப்பார். அறுபத்தைந்து வயதில் அந்த அளவுக்கு வந்திருந்தார்.

அந்த முதல் பயணத்தின் நாலாம் நாள், கால்வாய் முடிந்து ஷானன் ஆறு திறந்தது. அதுவரைக்கும் கையை நீட்டினால் எட்டுகிற கரைகளைப் பார்த்து வந்த மாலக்கி, டிம்ப்னாவுக்குத் தேநீர் கொண்டுவந்தவர், கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். எங்கே பார்த்தாலும் தண்ணீர். வெயில் பட்டுத் தகதகத்தது. உனா முன்தட்டில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"மாதாவே. இதுக்குக் கரை எங்க இருக்கு?"

"அதோ, மாடு மேயுது பாருங்க."

"ரொம்ப தூரத்துல இருக்கே."

"தேத்தண்ணி ஆறுது, குடுங்க."

கொடுத்தார். உள்ளே போகவில்லை. சுக்கானுக்குப் பக்கத்தில் அவள் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள். அதில் வந்து நின்றுகொண்டார்.